எழுத்தும் கலமும்: சி மொழியில் எழுத்து வாசிப்பின் வரலாறு

ஏட்டைப் படிக்கும் ஒருவருக்கு ஏடு முடிவுற்றதை மற்றொருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடைசிப் பக்கத்துக்கு அப்பால் அட்டை மட்டுமே உள்ளது என்பதைக் கண்ணும் கையும் ஒருங்கே உணர்ந்துவிடுகின்றன. எழுத்து வேறு, எழுத்தின்மை வேறு என்பதும் அவருக்குக் கற்பிக்கப்பட வேண்டிய செய்தியன்று. கணினியின் நிலை அத்தகையதன்று. அதற்கு எழுத்து என்பது ஓர் எண். எழுத்துகள் தீர்ந்துவிட்டன என்பதும் ஓர் எண்ணாலேயே அதற்கு உணர்த்தப்படுதல் வேண்டும். எந்த எண் எழுத்து, எந்த எண் எழுத்தின் இன்மை என்று பிரித்தறியும் பொறுப்பு நிரலை எழுதுவோரைச் சார்ந்தது.

சி என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர் தொடக்கப் பாடங்களிலேயே 'கெட்சார்' என்னும் செயற்கூற்றைச் சந்திக்கின்றார். 'அடுத்த எழுத்தைப் பெற்றுத் தருக' என்பதே அதன் பணி. இதனினும் எளிய பணி கணினிக்கு இல்லை என்றே முதற்பார்வையில் தோன்றும். ஆயினும், இச்சிறு பணியைச் செம்மையாகச் செய்யக் கற்றுக்கொள்வதற்குக் கணினி உலகம் பல பத்தாண்டுகளைச் செலவிட்டது. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். வந்து சேரும் பொருளைவிட அதனை ஏற்கும் கலம் பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. மும்முறை இவ்வுண்மை மறக்கப்பட்டது. மும்முறையும் அதற்குரிய விலை கொடுக்கப்பட்டது. மூன்றாம் முறை விலை கொடுத்தோருள் தமிழரும் அடங்குவர்.

துளையிட்ட நாடா

எழுத்தை எண்ணாக்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1874இல் உரிமம் பெற்ற முறையில், ஒவ்வோர் எழுத்தும் ஐந்து அலகுகளால் குறிக்கப்பட்டது. ஐந்து அலகுகளைக் கொண்டு 32 வேறுபாடுகளையே காட்ட இயலும். ஆங்கில எழுத்துகள் 26, இலக்கங்கள் 10. இரண்டும் சேர்ந்தாலே 32ஐக் கடந்துவிடும். எனவே, 'இனி வருவன எழுத்துகள்', 'இனி வருவன இலக்கங்கள்' என்று அறிவிக்கும் மாற்றுக் குறிகள் தேவைப்பட்டன. கலம் சிறிதாகும்போது எத்தகைய சுற்றுவழிகள் வேண்டியிருக்கும் என்பதற்கு இதுவே முற்காலச் சான்று எனலாம்.

அமெரிக்காவில் 1963இல் வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் குறியீட்டு முறை ஏழு பிட்டுகளைக் கொண்டது; 128 இடங்களை உடையது. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அதில் நிலைபெற்றன. இந்த 128 இடங்களும் எழுத்துகளுக்கே உரியவையல்ல. காகித நாடாவில் துளையிட்டுச் செய்தி அனுப்பிய காலத்தின் தடங்கள் பல அதில் இன்றும் உள்ளன. துளையே இல்லாத வெற்றிடம் சுழியம் எனும் எண்ணைப் பெற்றது. ஏழு துளைகளும் இடப்பட்ட இடம் 127 எனும் எண்ணைப் பெற்று, அழிப்புக் குறியாயிற்று. நாடாவில் தவறாக இட்ட துளையை அடைக்க இயலாது. எஞ்சிய இடங்களையும் துளைத்துவிட்டால் அவ்வெழுத்தை இயந்திரம் பொருட்படுத்தாது விட்டுவிடும். 'அனுப்புதல் முடிந்தது' என்னும் குறிக்கு 4 எனும் எண் வழங்கப்பட்டது.

இக்கடைசிக் குறி இவ்வரலாற்றில் முதன்மையானது. முடிவை அறிவிக்கும் குறியும் எழுத்துகளோடு ஒரே வீட்டில் குடியிருந்தது என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நாடாவில் சென்றவை பெரும்பாலும் எழுத்துகளாக இருந்த வரையில் அதனால் இடர் விளையவில்லை.

ஓடை என்னும் கருத்து

தொடக்கக் கால நிரல்கள் தமக்கு எழுத்து எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்திருக்க வேண்டியிருந்தது. துளை அட்டையாயின் ஓர் அட்டைக்கு 80 எழுத்துகள். நாடாவாயின் வேறொரு முறை. தட்டச்சுப் பொறியாயின் மற்றுமொரு முறை. கருவி மாறினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டிய நிலை பரவலாக நிலவியது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் இணைந்து 'மல்டிக்ஸ்' என்னும் பெரும் இயக்குதளத்தை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தன. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் அம்முயற்சியிலிருந்து விலகியது. அப்பணியிலிருந்து மீண்ட கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர், அதே ஆண்டில் பி.டி.பி.-7 என்னும் சிறிய கணினியில் தமக்கெனத் தனி இயக்குதளம் ஒன்றை அமைக்கத் தொடங்கினர். அதுவே பின்னர் யூனிக்ஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது.

யூனிக்ஸ் கொணர்ந்த பெருமாற்றம், கோப்பு என்பதற்கு அது வகுத்த இலக்கணமே ஆகும். கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வட்டில் உள்ள கோப்பாயினும், விசைப்பலகையாயினும், நாடாவாயினும், நிரலின் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஓடைதான். ஓடையின் கரையில் அமர்ந்து கையேந்துபவருக்கு மலையில் சுனை எங்குள்ளது என்பது தெரிய வேண்டுவதில்லை. அடுத்த கை நீர் கிடைத்தால் போதும். அதே ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என்று 1964இலேயே எழுதியிருந்தார். 1973இல் யூனிக்சில் 'குழாய்' என்னும் அமைப்பு சேர்க்கப்பட்டு, ஒரு நிரலின் வெளியீடு மற்றொரு நிரலின் உள்ளீடாகப் பாயும் வழி பிறந்தது.

ஓடை வற்றியதை நிரல் எங்ஙனம் அறியும்? யூனிக்ஸ் இதற்கு நுட்பமானதொரு விடை கண்டது. நிரல் பைட்டுகளைக் கேட்கும்போதெல்லாம், இத்தனை பைட்டுகள் தரப்பட்டன என்னும் எண்ணிக்கையை இயக்குதளம் விடையாகச் சொல்லும். எண்ணிக்கை சுழியமாயின் முடிவு என்பது பொருள். விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் முடிவைக் குறிக்கக் கட்டுப்பாட்டு விசையுடன் 'டி' விசையை அழுத்துவார். அது ஆஸ்கியின் நான்காம் குறியே. ஆயினும் அக்குறி வழக்கமாக நிரலைச் சென்றடைவதில்லை. முனையத்தை மேற்பார்க்கும் இயக்குதளப் பகுதி அதனை இடைமறித்து வைத்துக்கொண்டு, அதுவரை தட்டப்பட்டவற்றை மட்டும் நிரலுக்கு அளிக்கும். ஒன்றும் தட்டப்படவில்லையெனில் அளிக்கப்படும் எண்ணிக்கை சுழியம். இங்ஙனம், முடிவு என்பது ஓர் எழுத்தன்று, எழுத்தின் இன்மையே என்னும் தெளிவு பிறந்தது.

எல்லா இயக்குதளங்களும் இத்தெளிவைப் பெற்றிருக்கவில்லை. 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய சி.பி./எம். என்னும் இயக்குதளம், கோப்பின் நீளத்தை 128 பைட்டுகள் கொண்ட கட்டங்களின் எண்ணிக்கையாகவே குறித்துவைத்தது. கடைசிக் கட்டத்தில் உரை எந்த இடத்தில் முடிகின்றது என்பதைக் காட்ட 26 எனும் எண்ணுடைய குறியை உரையின் இறுதியில் இட வேண்டியிருந்தது. 1981இல் வந்த எம்.எஸ்.-டாஸ் இயக்குதளத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. படமோ ஒலியோ அடங்கிய கோப்பின் நடுவே 26 எனும் எண் தற்செயலாக அமைந்திருந்து, அக்கோப்பை உரைக்கோப்பாக எண்ணி வாசித்தால், வாசிப்பு அவ்விடத்திலேயே நின்றுவிடும். பாதியில் நின்ற வாசிப்பை முழுமை எனக் கணினி நம்பிவிடும்.

257ஆம் எண்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967ஐ ஒட்டி உருவாக்கிய பி.சி.பி.எல். மொழியைத் தழுவி, கென் தாம்சன் 'பி' என்னும் சிறு மொழியை அமைத்தார். 'கெட்சார்' என்னும் பெயர் பி மொழியிலேயே வழங்கியது. உள்ளீடு முடிவுற்றால், முடிவுக்கென வைக்கப்பட்ட ஒரு தனி எழுத்தை அது திருப்பித் தந்தது. சொற்றொடரின் இறுதியைக் காட்டவும் பி மொழி அதே எழுத்தையே பயன்படுத்தியது. காகித நாடாவின் வழக்கம் இங்கும் தொடர்ந்தமை காண்க.

பி மொழியில் தரவினங்கள் இல்லை. எல்லாம் ஒரே அளவுடைய சொற்களே. புதிதாக வந்த பி.டி.பி.-11 கணினியோ ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே சுட்டவல்லது. அதற்கேற்ப ரிட்சி 1971 முதல் 1973 வரையிலான காலத்தில் பி மொழியைச் செப்பனிட்டு, எழுத்துக்கென ஒரு பைட்டு அளவுடைய தனியினத்தையும், முழு எண்ணுக்கென மற்றோர் இனத்தையும் வகுத்தார். அதுவே சி மொழி. பிரையன் கெர்னிகன் 1974இல் அம்மொழிக்கு எழுதிய பயிற்சியுரை, கோப்பு முடிவுற்றால் கெட்சார் சுழிய எழுத்தைத் தரும் என்று கற்பித்தது.

இம்முறையின் குறைபாடு வெளிப்படையானது. உரைக்கோப்பில் சுழிய எழுத்து பெரும்பாலும் வாராது. யூனிக்சிலோ கோப்பு என்பது எத்தகைய பைட்டுகளையும் கொண்டிருக்கலாம். நிரல்களின் இயந்திர வடிவில் சுழியங்கள் நிரம்பக் கிடக்கும். அத்தகைய கோப்பை வாசிக்கும் நிரல், முதற்சுழியத்தைக் கண்டதும் கோப்பு முடிந்ததென எண்ணி நின்றுவிடும். சுழியத்துக்கு மாற்றாக வேறோர் எழுத்தை முடிவுக்குறியாக்கினாலும் இதே இடர்தான். ஒரு பைட்டு 256 வேறுபாடுகளைக் காட்டவல்லது. அவை அனைத்தும் முறையான உள்ளீடாக வரக்கூடியவை. முடிவை அறிவிக்க 257ஆவதாக ஒன்று வேண்டும். ஒரு பைட்டுக் கலத்தில் அதற்கு இடமில்லை.

தீர்வு எளிது, ஆனால் ஆழமானது. கெட்சார் தருவது ஓர் எழுத்து என்பதை விடுத்து, அது தருவது ஒரு முழு எண் என்று மாற்றினர். எழுத்து கிடைத்தால் 0 முதல் 255 வரையிலான எண். கிடைக்காவிடில் அவற்றுள் ஒன்றாகாத வேறோர் எண். மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுப்பு ரிட்சியால் புதுக்கப்பெற்று, 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் செந்தரத் தொகுப்பாக இடம்பெற்றது. 1978இல் கெர்னிகனும் ரிட்சியும் வெளியிட்ட சி மொழி நூல், அந்நாளில் முடிவைக் குறிக்க இருவேறு மரபுகள் வழங்கியதைச் சுட்டியது; சிலவிடத்துக் கழித்தல் ஒன்று, சிலவிடத்துச் சுழியம். ஆதலின் எண்ணை நேரே எழுதாமல் 'இ.ஓ.எஃப்.' என்னும் பெயரால் வழங்குமாறு அது கற்பித்தது. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரவரையறை, அப்பெயர் குறிப்பது எதிர்மறை முழு எண்ணாகவே இருத்தல் வேண்டும் என்று உறுதி செய்தது.

இவ்வளவு தெளிவாக வகுக்கப்பட்ட பின்னரும், கெட்சார் தந்ததை எழுத்தினத்து மாறியில் இட்டுவைக்கும் பிழை மாணவரிடையே தொடர்ந்து காணப்படுகின்றது. அதன் விளைவு கணினிக்குக் கணினி வேறுபடும். எழுத்தினம் எதிர்மறை எண்களையும் ஏற்கும் கணினிகளில், 255 எனும் பைட்டு சிறிய கலத்தில் புகுந்ததும் கழித்தல் ஒன்றாகத் தோற்றமளிக்கும். கோப்பு முடியாமலே முடிந்துவிடும். எழுத்தினம் எதிர்மறை எண்களை ஏற்காத கணினிகளிலோ, முடிவுக்குறியான கழித்தல் ஒன்று அக்கலத்தில் புகுந்ததும் 255 ஆகிவிடும். கோப்பு முடிந்தும் முடியாது, நிரல் ஓயாது சுழலும். ஒரே பிழை ஓரிடத்தில் அவசரமாகவும் மற்றோரிடத்தில் முடிவின்மையாகவும் வெளிப்படுகின்றது. பெரிய கலத்தில் ஏற்று, எழுத்துதானா என்று ஆராய்ந்து, அதன் பின்னரே சிறிய கலத்துக்கு மாற்றுதல் வேண்டும் என்பதே இதன்வழிப் பெறப்படும் நெறி.

இடையில் நிற்கும் தொட்டி

ஒவ்வோர் எழுத்துக்கும் இயக்குதளத்தை நாடினால் காலம் வீணாகும். எனவே தொகுப்பை இயற்றியோர் இடையே ஒரு தொட்டியை அமைத்தனர். இதனை இடையகம் என்பர். ஏழாம் பதிப்பு யூனிக்சில் அதன் அளவு 512 பைட்டுகள். தொட்டி வெறுமையானால் மட்டுமே இயக்குதளம் அழைக்கப்படும். மற்ற நேரங்களில் கெட்சார் செய்வது, எஞ்சியவற்றின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து அடுத்த பைட்டை எடுத்துத் தருவதே.

விசைப்பலகைக்கு இயக்குதளத்திலேயே மற்றொரு தொட்டி உண்டு. தட்டுபவர் தம் பிழையைத் திருத்திக்கொள்ள இடம் தரும்பொருட்டு, ஒரு வரி முழுமையும் தட்டி முடிக்கும்வரை அது நிரலுக்கு அளிக்கப்படுவதில்லை. காகிதத்தில் அச்சிட்ட எழுத்தை அழிக்க இயலாத தட்டச்சு முனையங்களின் காலத்தில், ஓர் எழுத்தை நீக்க எண் குறியும், வரி முழுவதையும் நீக்க 'அட்' குறியும் யூனிக்சில் வழங்கின.

இவ்வமைப்பை அறியாத மாணவர் ஒரு புதிரில் சிக்குவர். 'ஓர் எழுத்தைத் தட்டுக' என்று கேட்கும் நிரலுக்கு ஓர் எழுத்தைத் தட்டி நுழைவு விசையை அழுத்தினால், ஓடையில் சேர்வன இரண்டு. முதலாவது தட்டிய எழுத்து. அடுத்தது 10 எனும் எண்ணுடைய வரிமுடிவுக் குறி. முதல் வாசிப்பு எழுத்தை எடுக்கும். அடுத்த கேள்விக்கு விடையாக, மாணவர் ஒன்றும் தட்டாமலே வரிமுடிவுக் குறி போய்ச் சேரும். இது கணினியின் கோளாறன்று. ஓடையில் விட்டுவைத்தது அங்கேயே கிடக்கும் என்னும் இயல்பே ஆகும்.

அளவு கேளாத செயற்கூறு

எழுத்தெழுத்தாக வாசிப்பதற்கு மாற்றாக, ஒரு வரி முழுவதையும் ஒருங்கே வாசிக்கும் 'கெட்ஸ்' என்னும் செயற்கூறும் தொகுப்பில் இருந்தது. வரியை எங்கே இட வேண்டும் என்பதை மட்டுமே நிரலாளர் அதற்குச் சொல்லலாம். அங்கே எவ்வளவு இடம் உள்ளது என்பதைச் சொல்ல வழியில்லை. அதுவும் கேட்பதில்லை. வரிமுடிவோ உள்ளீட்டின் முடிவோ வரும்வரை அது ஊற்றிக்கொண்டே இருக்கும். கலம் நிரம்பி வழிந்தாலும் நிறுத்தாது. வழிந்தவை அடுத்திருக்கும் நினைவகப் பகுதிகளை அழித்து, அங்கே தாமே அமர்ந்துகொள்ளும்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இதன் விலை உலகறியத் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய நிரலொன்று, இணையத்தில் இணைந்திருந்த கணினிகளில் தானே பெருகிப் பரவியது. வரலாறு அதனை மாரிஸ் புழு என வழங்குகின்றது. அது பரவக் கையாண்ட வழிகளுள் ஒன்று, கணினியைப் பயன்படுத்துவோர் யாவர் எனத் தெரிவிக்கும் 'பிங்கர்' என்னும் சேவை. அச்சேவையின் நிரல், வரும் வேண்டுகோளை கெட்ஸ் வழியாக 512 பைட்டு இடத்தில் வாசித்தது. புழு அனுப்பியதோ 536 பைட்டுகள். மிகையாக வந்த 24 பைட்டுகள், வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்துவைத்திருந்த இடத்தை மாற்றி எழுதி, வாக்ஸ் வகைக் கணினிகளைப் புழுவின் ஆணைகளுக்கு அடிபணியச் செய்தன. அந்நாளைய இணையத்தின் ஏறத்தாழ 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. இத்தகைய நெருக்கடிகளில் உதவுவதற்கென ஒருங்கிணைப்பு மையம் ஒன்று அதே மாதத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது.

கெட்சுக்கு மாற்றான 'எஃப்கெட்ஸ்' அப்போதே தொகுப்பில் இருந்தது. கலத்தின் அளவைக் கேட்டறிந்து அதற்குள் அடங்குமளவே அது வாசிக்கும். ஆயினும், ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களை முன்னிட்டு, 1989ஆம் ஆண்டுத் தரவரையறை கெட்சையும் இருக்க விட்டது. 2011இல் வெளிவந்த தரவரையறையிலேயே அது முற்றிலும் நீக்கப்பட்டது. தீங்கு வெளிப்பட்ட நாளுக்கும் அது நீங்கிய நாளுக்கும் இடையே 23 ஆண்டுகள் கழிந்தன.

எழுத்து எது என்னும் வினா

முதலிரு பிழைகளும் கணினி வல்லுநர்க்கு மட்டுமே உரியவை எனக் கருதலாம். மூன்றாவது அத்தகையதன்று. ஓர் எழுத்து ஒரு பைட்டில் அடங்கும் என்னும் எண்ணமே அது. ஆங்கிலத்தைக் கண்ணெதிரே வைத்துப் பிறந்த இவ்வெண்ணம் ஆங்கிலத்துக்குப் பொருந்தியது. பிறமொழிகள் கணினிக்குள் நுழைந்தபோது இடர் தோன்றியது.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. ஒரு பைட்டின் இடங்களோ 256. இரண்டையும் ஒப்பிடுவார்க்குத் தமிழ் முழுவதும் ஒரு பைட்டுக்குள் அடங்கிவிடும் என்றே தோன்றும். ஆனால் முதல் 128 இடங்கள் முன்னமே ஆஸ்கிக்கு உரியவையாகிவிட்டன. எஞ்சியவை 128. அவற்றில் 247ஐ அடக்குதல் இயலாது. எனவே எழுத்துகளைக் கொம்பு, கால், விசிறி எனத் துண்டுகளாக்கி வைக்கும் நிலை ஏற்பட்டது. சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ்த் துண்டுகளை வைத்தன. அத்தகைய கோப்பை வாசித்த நிரலின் கண்ணுக்கு அது தமிழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலே. மேல் 128 இடங்களைப் பயன்படுத்திய எழுத்துருக்களுக்கு வேறோர் இடர். அவ்விடங்களில் உள்ள எண்கள், எதிர்மறையை ஏற்கும் எழுத்தினத்தில் புகுந்ததும் எதிர்மறை எண்களாயின. எழுத்தா, இலக்கமா என்று வகைப்படுத்தும் செயற்கூறுகள் அத்தகைய எண்களை எதிர்பார்த்தவையல்ல. ஏழு பிட்டுகளையே கடத்திய அந்நாளைய மின்னஞ்சல் வழிகளில் எட்டாம் பிட்டு உதிர்ந்து, தமிழ் மடல்கள் சிதைந்தும் போயின.

எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறுபட்ட இக்குழப்பத்தைத் தீர்க்கும் நோக்குடன், 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. பேராசிரியர் நா. கோவிந்தசாமி அதன் முதன்மை அமைப்பாளர். மலேசியாவைச் சார்ந்த முத்து நெடுமாறன் உள்ளிட்ட பல நாட்டுத் தமிழ்க் கணிமையாளர்கள் பொதுக்குறியீட்டின் தேவையை ஆராய்ந்தனர். அதன் பின்னர், இணையவழிக் கலந்தாய்வில் 'திஸ்கி' என்னும் எட்டு பிட்டுக் குறியீடு உருவாயிற்று. அதில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. ஓடையிலிருந்து வாசிக்கும் நிரலுக்கு முதலிற் கிடைப்பது மெய்யன்று, கொம்பு. ஒலியின் வரிசை வேறு, ஓடையின் வரிசை வேறாயிற்று.

இதற்கிடையே, 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. மெய்யடிக்குப் பின் உயிர்க்குறி என ஒலிவரிசையை அது பின்பற்றியது. ஒருங்குறி எண்கள் ஒரு பைட்டில் அடங்கா. பைட்டு பைட்டாக ஓடும் யூனிக்ஸ் ஓடையில் அவற்றை எங்ஙனம் செலுத்துவது? 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியின் உணவகம் ஒன்றில், மேசையில் விரித்திருந்த தாளின்மீது கென் தாம்சன் வரைந்து காட்டிய முறையே இதற்கு விடையாயிற்று. உடனிருந்தவர் ராப் பைக். யு.டி.எஃப்.-8 என வழங்கும் இம்முறையில் ஆஸ்கி எழுத்துகள் ஒரு பைட்டாகவே நிற்கும். ஏனைய எழுத்துகள் இரண்டும் அதற்கு மேலுமான பைட்டுகளாகச் செல்லும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முதல் பைட்டைக் கண்டதும் எத்தனை பைட்டுகள் தொடரும் என்பது தெரிந்துவிடும். 255 எனும் பைட்டு இம்முறையில் எங்குமே வாராது. 1969இல் பைட்டோடையைத் தொடங்கிவைத்தவருள் ஒருவரே, உலக மொழிகள் அவ்வோடையில் செல்லவும் வழி கண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சி மொழியும் தன் கலத்தைப் பெரிதாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம், அகன்ற எழுத்துகளை வாசிக்கும் செயற்கூறுகளைச் சேர்த்தது. அவை தருவதை ஏற்கத் தனியோர் இனமும் வகுக்கப்பட்டது. எல்லா அகன்ற எழுத்துகளையும், அவற்றோடு முடிவுக்குறி ஒன்றையும் ஏற்கவல்லதாக அவ்வினம் இருத்தல் வேண்டும் என்பது விதி. 257ஆம் எண் கற்பித்த பாடம் இங்கே மறவாது போற்றப்பட்டது.

தமிழ் என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை?

இவ்வரலாறு முழுவதையும் வகுப்பறையில் ஒரே சொல்லைக் கொண்டு விளக்கிவிடலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? த, மி, ழ் என மூன்று என்பார் முதலாம் ஆண்டு மாணவரும். ஒருங்குறி அதனைத் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாகக் கொள்ளும். யு.டி.எஃப்.-8 முறையில் எழுதிய கோப்பில் இச்சொல் மட்டுமே இருப்பின், கெட்சாரை 15 முறை அழைத்தால் 15 பைட்டுகள் கிடைக்கும். 16ஆம் முறை முடிவுக்குறி கிடைக்கும். இலக்கணம் மூன்று என்பதை ஒருங்குறி ஐந்து என்கிறது. ஓடை பதினைந்து என்கிறது. மூன்றும் மெய்யே. எதனை எண்ணுகின்றோம் என்பதை அறியாதிருத்தலே பிழை.

அப்பிழை வெறும் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. கலத்தின் அளவை மீறாத எஃப்கெட்ஸ் பாதுகாப்பானது என்று மேலே கண்டோம். ஆனால் அது மதிப்பது பைட்டுகளின் எல்லையை, எழுத்துகளின் எல்லையையன்று. பதினொரு பைட்டுகளுக்கே இடம் உள்ள கலத்தில் 'தமிழ்' என்னும் சொல்லை வாசித்தால், 'தமி' என்பதோடு ழகரத்தின் முதற்பைட்டு மட்டும் வந்து நிற்கும். அது எழுத்தாகாது, திரையில் வெற்றுக் கட்டமாகவோ வினாக்குறியாகவோ தோன்றும். சிதைந்தது கண்ணுக்குத் தெரிவதால் அதனைத் திருத்தவும் இயலும். ஆறு பைட்டுகளில் துண்டிக்கப்படின் இடர் இன்னும் பெரிது. 'தம' என்பதே எஞ்சும். மிகரம் மகரமாயிற்று, ஆயினும் இரண்டும் முழு எழுத்துகளாகத் தோன்றுவதால், பிழை நேர்ந்ததற்கு எவ்வகை அடையாளமும் இராது. பெயர்ப் பட்டியலில் இங்ஙனம் உயிர்க்குறி உதிர்ந்த ஒரு மாணவரின் பெயர் வேறொரு பெயராகவே நின்றுவிடக்கூடும்.

ஆதலின், தமிழ் உரையைக் கையாளும் நிரலை எழுதுவோர் மூன்று வினாக்களை ஒவ்வொரு முறையும் எழுப்புதல் வேண்டும். வந்தது எழுத்தா, முடிவா? வருவதற்கு இடம் உளதா? வந்தது முழு எழுத்தா? முதல் வினாவுக்குரிய விடையை 1970களும், அடுத்ததற்குரிய விடையை 1988ஆம் ஆண்டும் கணினி உலகுக்குக் கற்பித்தன. மூன்றாம் வினாவை ஆங்கிலம் ஒன்றையே அறிந்த நிரலாளர் எழுப்பமாட்டார். அவருக்கு அது தேவைப்படுவதில்லை. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்றுத் தேர்ந்த தமிழ் மாணவர்க்கோ அவ்வினா இயல்பாக எழும். அவர் கற்ற எழுத்திலக்கணம் கணினி அறைக்கு வெளியே விட்டுச் செல்ல வேண்டியதன்று. உடன் கொண்டு செல்ல வேண்டியது.